பால் கக்கும் பிள்ளையும் எனக்கு வந்த டெங்கியும்

சொந்தமாகக் கிளினிக் திறக்கப் போகும் உங்களுக்கு எல்லாவற்றையும் சொல்லித்தர ஆள் இருக்கிறார்கள். கடை எங்கே எடுப்பது, மருந்து யாரிடம் வாங்குவது, கவுண்டரில் எப்படிப்பட்ட ஆளை உட்கார வைப்பது என்று கேட்காமலேயே சொல்வார்கள். பொறாமையைப் பற்றி மட்டும் யாரும் வாய் திறப்பதில்லை. நம்மிடம் வந்துகொண்டிருந்த தாய்மார்கள் பக்கத்து டாக்டரிடம் போகும்போது நெஞ்சுக்குள் என்ன நடக்கும், அந்த நெஞ்சோடு ஒரு பச்சைப்பிள்ளைக்கு வைத்தியம் பார்ப்பது எப்படி என்று எந்தப் பல்கலைக்கழகத்திலும் பாடம் கிடையாது. நான் அதை மலேசியாவில், ஜோகூரின் யோங் பெங் என்ற சின்ன ஊரில் கிளினிக் நடத்தித்தான் படித்தேன். போன வருடம் கிளினிக்கை மூடிவிட்டேன். இனி யார் என்னிடம் வந்தாலும் வராவிட்டாலும் ஒன்றுதான். அதனால் உள்ளதை உள்ளபடி சொல்கிறேன்.

அந்த இன்னொரு டாக்டருக்கு நல்ல பெயர் ஒன்று இருக்கிறது. அதை எழுத இன்றைக்கும் எனக்குக் கை வரவில்லை. என் கிளினிக்கிலிருந்து மூன்றாவது கடை அவருடையது. மூன்றாவது கடை என்றே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என்னைவிட மிகவும் இளையவர். பளபளவென்று கண்ணாடிக் கதவு போட்டிருந்தார். உள்ளே மீன் தொட்டி இருந்தது. ஊசி போட்ட பிள்ளைகளுக்கு ஸ்டிக்கர் கொடுத்தார். கைப்பேசியில் அவர் கிளினிக்கைத் தேடினால் நட்சத்திரங்களாகக் கொட்டிக் கிடந்தன. என்னுடையதைத் தேடினால், காத்திருக்கும் நேரம் அதிகம் என்று யாரோ எழுதியது முதலில் வரும். எங்கள் பக்கம் கிளினிக் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வருவார்கள். காலையில் கார் நிறுத்தும்போதே என் கண் அவர் வாசலுக்குப் போய்விடும். அங்கே கிடக்கும் சிலிப்பர்களில் எது எந்த வீட்டுடையது என்றுகூட எனக்குத் தெரியும். எல்லாம் ஒரு காலத்தில் என் வாசலில் கிடந்தவை.

எங்கள் இருவருக்கும் வைத்தியத்தில் பெரிய வித்தியாசம் ஒன்று இருந்தது. கைப்பிள்ளைகள் பால் கக்கும் விஷயத்தில்தான் அது நன்றாகத் தெரியும். பால் குடித்ததும் கடைவாயில் ஒழுக விடுவது, தோளில் போட்டால் சட்டையை நனைப்பது, இதெல்லாம் பெரும்பாலான பிள்ளைகளுக்கு உள்ளதுதான். வயிற்றின் வாசல் இன்னும் இறுகவில்லை, அவ்வளவுதான். பிள்ளை எடை போடுகிறது, சிரிக்கிறது, தூங்குகிறது என்றால் அது நோயே இல்லை. துணி துவைப்பவருக்குத்தான் கஷ்டம். கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள், குடித்ததும் நிமிர்த்திப் பிடியுங்கள், தூங்கும்போது மட்டும் தலையணை வைக்காமல் மல்லாக்கப் போடுங்கள், உட்காரவும் நடக்கவும் ஆரம்பித்தால் தானாக நின்றுவிடும் என்று நான் பொறுமையாக உட்கார்ந்து சொல்வேன். மருந்து எழுத மாட்டேன்.

மூன்றாவது கடை அதிகம் பேசுவதில்லை. பிள்ளையைப் பார்ப்பார், அமிலத்தைக் குறைக்கும் மருந்து ஒரு சின்ன பாட்டிலில் கொடுப்பார். பக்கத்து ஊரான சாஆவிலிருந்து வெயிலில் வந்த தாய் வீட்டுக்குப் போனதும் மாமியார் என்ன கேட்பார்? டாக்டர் என்ன கொடுத்தாங்க என்று கேட்பார். என்னிடம் வந்தவள் வெறுங்கையைக் காட்ட வேண்டும். அவரிடம் போனவள் பாட்டிலைக் காட்டலாம். என்னைப் பற்றி, அந்த டாக்டர் வாயாலேயே வைத்தியம் பார்ப்பவர் என்று ஒரு பேச்சு ஊரில் கிளம்பியது. அதைக் கிளப்பியது யார் என்று எனக்குத் தெரியும். நான் சொல்லப் போவதில்லை.

நான் மருந்தே கூடாது என்கிற கட்சி இல்லை. பெக்கோக்கிலிருந்து வந்த ஒரு பிள்ளைக்கு உணவுக்குழாய் புண்ணாகியிருக்கிறது என்று பெரிய ஆஸ்பத்திரியில் குழாய் விட்டு உள்ளே பார்த்துச் சொன்ன பிறகு, அதே மருந்தை நானே மாதக்கணக்கில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். அந்தப் பிள்ளைக்கு அது தேவை. தேவையில்லாத பிள்ளைக்குக் கொடுத்தால் வயிற்றில் இருக்க வேண்டிய அமிலமும் போய், சளியும் வயிற்றுப்போக்கும் சுலபமாகப் பிடித்துக்கொள்ளும். இதை நான் நம்பியது உண்மை. மூன்றாவது கடை கொடுத்ததாலேயே அந்தப் பாட்டிலைப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை என்பதும் உண்மை. இரண்டையும் பிரித்துப் பார்க்க எனக்கு நாளாயிற்று.

இப்போது தேவியின் கதைக்கு வருகிறேன். தேவி சாஆக்காரி. புருஷனுக்குச் சிங்கப்பூரில் தொழிற்சாலை வேலை, வாரக் கடைசியில்தான் வீட்டுக்கு வருவார். அவளுக்கு அம்மை போட்டதிலிருந்து பள்ளிக்கூடத்தின் கடைசி எஸ்.பி.எம். பரீட்சைக்கு முன்னால் வந்த காய்ச்சல் வரை எல்லாவற்றுக்கும் என்னிடம்தான் வந்திருக்கிறாள். அவளுக்கு முதல் பிள்ளை பிறந்ததும், யாழினி என்று பெயர் வைத்து, என்னிடம்தான் தூக்கிக்கொண்டு வந்தாள். பால் குடித்தால் கக்குகிறாள் என்றாள். தாய்ப்பால்தான் கொடுத்துக்கொண்டிருந்தாள். எடை நன்றாக இருந்தது. யாழினி என் மூக்குக்கண்ணாடியைப் பார்த்துச் சிரித்தாள். நான் வழக்கம்போல் உட்கார்ந்து எல்லாவற்றையும் விளக்கிவிட்டு வெறுங்கையோடு அனுப்பினேன். தேவியின் முகம் விழுந்ததை நான் கவனிக்காமல் இல்லை.

அடுத்த வாரம் மூன்றாவது கடை வாசலில் தேவியின் ஊதாச் சிலிப்பர் கிடந்தது. என் புருஷன் இன்னொருத்தி வீட்டு வாசலில் செருப்பு விட்டிருந்தால்கூட எனக்கு அவ்வளவு எரிந்திருக்காது.

சில வாரம் கழித்து அவள் திரும்பி வந்தாள். இந்த முறை கதை வேறு. யாழினி மார்பில் வாய் வைத்ததும் முதுகை வளைத்துக்கொண்டு அழுதாள். கன்னத்தில் தோல் சொரசொரத்துச் சிவந்திருந்தது. பையிலிருந்து துண்டு எடுக்கும்போது பாட்டில் எட்டிப் பார்த்தது. தேவி சட்டென்று அதை உள்ளே தள்ளினாள். எடுத்துக் காட்டச் சொன்னேன். அதே மருந்து. கொடுக்கத் தொடங்கி நாளாகியும் அழுகை குறையவில்லை என்று தேவியே ஒத்துக்கொண்டாள். எனக்கு உள்ளுக்குள் இனித்தது. ஆம், ஒரு பிள்ளை கண்ணெதிரே வீறிட்டுக்கொண்டிருக்க, அதன் டாக்டருக்கு மனசுக்குள் இனித்துக்கொண்டிருந்தது. பிறகு யாழினியைத் தராசில் போட்டேன். எடை ஏறவே இல்லை. இனிப்பு அதோடு போயிற்று.

தோல் சிவப்பும், அழுகையும், ஏறாத எடையும் சேர்ந்து வந்தால் வெறும் கக்கல் என்று விடக்கூடாது. தாய் சாப்பிடும் பசும்பாலின் சத்து தாய்ப்பால் வழியாகப் போய்ச் சில பிள்ளைகளுக்கு ஒத்துக்கொள்ளாமல் போகும். அது பார்ப்பதற்கு அமிலத் தொல்லை போலவே இருக்கும். அதனால் தாய்ப்பாலை விடாதே, நீ மட்டும் கொஞ்ச நாள் பால், தயிர், சீஸ் எல்லாம் நிறுத்து, சுண்ணாம்புச் சத்துக்கு மாத்திரை தருகிறேன் என்றேன். இனி தே மட்டும் குடிக்கிறேன் என்றாள், நானும் தலையாட்டினேன். அதோடு விட்டிருக்கலாம். அந்தப் பாட்டிலையும் நிறுத்து என்றேன். தேவி சரி டாக்டர் என்றாள். அந்தச் சரிக்கு அர்த்தம் சரி இல்லை என்பது உங்களுக்கும் போகப் போகத் தெரியும்.

அவள் போன பிறகு காக் ரோஸ் உள்ளே வந்தார். எங்கள் கவுண்டரில் பல வருடமாக இருக்கும் மலாய்க்காரப் பெண்மணி. தமிழ் காதில் விழுந்து விழுந்து பாதி புரியும், மீதியை என்னிடம் கேட்டுக்கொள்வார். அந்தப் பெண் வெளியே போனில் புருஷனிடம் உங்களைப் பற்றி ஏதோ சொன்னாள், அதில் ‘பொறாமை’ என்று ஒரு வார்த்தை வந்தது, பொறாமை என்றால் என்ன என்று மலாயில் கேட்டார். முகத்தில் ஒரு கள்ளமும் இல்லை. என்ன செய்வது, சொல்லிவிட்டேன். மலாயில் அதற்கு டெங்கி என்று ஒரு சொல் இருக்கிறது. கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். என் நாக்கில் அது கொசுக்கடியால் வரும் காய்ச்சலாகவே வந்து விழுந்தது.

“சியாப்பா டெங்கி?” என்று பதறினார் காக் ரோஸ். யாருக்கு டெங்கி, ரத்தம் எடுக்கக் குழாய் எடுத்து வரட்டுமா என்று கேட்டார்.

எனக்குத்தான் என்றேன். அவர் என் நெற்றியில் கை வைத்துப் பார்த்தார். அப்புறம் புரிந்துகொண்டு, சிரிப்பை அடக்க முடியாமல் வெளியே போனார். நான் சிரிக்கவில்லை. ஊருக்கே தெரிந்திருக்கிறது என்பதுதான் எனக்கு உறைத்தது. டாக்டருக்கு அவர் மேல் பொறாமை என்று சாஆவிலிருக்கும் பெண் சிங்கப்பூருக்குப் போனில் சொல்கிறாள் என்றால், இடையில் எத்தனை வாய் தாண்டியிருக்கும்.

தேவி மருந்தை நிறுத்தவில்லை. பாலை நிறுத்தினாள். அதையும் மூன்றாவது கடையிடம் கேட்டு, நிறுத்திப் பாருங்கள், கெடுதல் இல்லை என்று அவர் சொன்ன பிறகுதான் நிறுத்தினாள்.

அப்புறம் ஒருநாள் காலையில் அவள் ஓடி வந்தாள். பிள்ளையின் மலத்தில் ரத்தக் கீற்று. மூன்றாவது கடை அன்று மூடியிருந்தது, கல்யாணத்துக்கு ஜோகூர் பாரு போயிருந்தாராம். மூடியிருந்ததால்தான் என்னிடம் வந்தாள். அந்த நேரத்திலும் அது எனக்குச் சுருக்கென்று குத்தியது. பச்சை வாந்தி இல்லை, வயிறு உப்பவில்லை, காய்ச்சல் இல்லை, ரத்தமும் இழைபோலத்தான் இருந்தது. உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டிய நிலைமை இல்லை. ஆனால் எடை இன்னும் அப்படியே நின்றது. தேவி அழுதாள். அவள் பாலையே நிறுத்திவிட்டும் பலனில்லை என்பதால், தாய்ப்பால்தான் ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது, டின் பாலுக்கு, அதாவது பிள்ளைகளுக்கான பால்மாவுக்கு, மாற்றிப் பார்க்கலாம் என்று மூன்றாவது கடை சொல்லியிருந்தார். மாமியாரும் அதையே சொன்னாராம். அன்று சாயங்காலம் டின் வாங்குவதாக இருந்தாள்.

டின் பாலும் பசும்பால்தான். நான் நினைப்பது சரியென்றால் அந்தப் பிள்ளைக்கு அது இன்னும் கெடுதல். தாய்ப்பாலும் வற்றிப்போகும். ஆனால் நான் நினைப்பது சரிதானா? பாலை நிறுத்தியும் ரத்தம் வந்திருக்கிறதே. நான் சொன்னதே தப்பு, அவர்தான் சரி என்றால்? அந்த நிமிஷம் எனக்குப் பிள்ளையின் மேல் இருந்த பயத்துக்குச் சமமாக, அவர் ஜெயித்துவிடுவார் என்ற பயமும் இருந்தது.

அப்போதுதான் அவள் விரலைப் பார்த்தேன். கோப்பிக்கடையில் கட்டிக் கொடுக்கும் பிளாஸ்டிக் பை ஒன்று, ஸ்ட்ரா சொருகி, விரலில் தொங்கிக்கொண்டிருந்தது.

“அது என்ன தேவி?”

“தே, டாக்டர். காலையிலேர்ந்து ஒண்ணுமே சாப்பிடல.”

“பால் நிறுத்திட்டேன்னு சொன்னியேம்மா.”

“பாலே தொடல டாக்டர், சாமி சத்தியமா. தயிர் இல்ல, சீஸ் இல்ல. தே மட்டும்தான் குடிக்கிறேன்.”

“அப்ப இதுல வெள்ளையா இருக்கறது என்ன?”

“அது சூசு டாக்டர்.”

நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். நாங்கள் சிலோன் வழி வந்த குடும்பம். வீட்டில் தேத்தண்ணி என்போம். பால் ஊற்றினால் பால் தேத்தண்ணி என்று பாலைச் சேர்த்துச் சொல்வோம். இந்த ஊர்க் கடையில் தே என்றாலே டின்னில் வரும் கெட்டிப்பால் ஊற்றித்தான் வரும். பால் வேண்டாம் என்றால்தான் ‘தே ஓ’ என்று தனியாகச் சொல்ல வேண்டும். கடையில் நானே தினமும் அப்படித்தான் கேட்டு வாங்குகிறேன். ஆனால் போன தடவை தேவி தே மட்டும் குடிக்கிறேன் என்றபோது என் காதில் விழுந்தது எங்கள் வீட்டு வெறும் தேத்தண்ணி. தேவிக்குப் பால் என்றால் காய்ச்சிக் குடிப்பது, கோயிலுக்குக் கொண்டுபோவது. டின்னில் வரும் கெட்டிப்பால், மலாயில் பாலுக்கே அதுதான் பெயர் என்றாலும், அவளுக்கு வெறும் சூசு. சூசுவை நிறுத்தச் சொல்லி அவளிடம் யாருமே சொல்லவில்லை. பிள்ளை அழ அழ அவளுக்குத் தூக்கம் போயிற்று, தூக்கம் போகப் போகத் தே கூடிக்கொண்டே போயிற்று, தே கூடக் கூடப் பிள்ளை இன்னும் அழுதாள்.

கண்டுபிடித்துவிட்டேன் என்ற குதூகலத்தில் கடகடவென்று கொட்டினேன். தேயை நிறுத்து, டின் பால் வாங்காதே, தாய்ப்பாலை விடாதே, அந்த மருந்தும் வேண்டாம் என்றேன். தேவி கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னை நேராகப் பார்த்தாள்.

“அவரு சொன்னது எல்லாத்தையும் வேணாங்கறீங்க டாக்டர். மருந்து வேணாம், டின் வேணாம். அவரு உங்களப் பத்தி ஒரு வார்த்தை தப்பா பேசினதில்ல.”

அத்தனை வருடம் பார்த்த பெண், என் வார்த்தையில் மருந்து எது, பொறாமை எது என்று தெரியாமல் நின்றாள். அவளைக் குறை சொல்ல முடியாது. எனக்கே தெரியவில்லையே. கத்தியிருந்தால் நேராக டின் வாங்கப் போயிருப்பாள். கடைசியில் ஒன்று மட்டும் கேட்டேன். நாளைக்கு அவரிடமே கேட்டு முடிவு செய், அதுவரை டின் வாங்காதே என்றேன். அதில் அவர் பெயர் இருந்ததால் சம்மதித்தாள்.

மறுநாள் கிளினிக் திறப்பதற்கு முன் மூன்றாவது கடைக்கு நடந்தேன். அவர் வந்ததிலிருந்து நான் அந்த வாசலை மிதித்ததில்லை. செருப்பைக் கழற்றும்போது யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்துக்கொண்டேன். என்னைக் கண்டதும் எழுந்து நின்றார். வாங்க டாக்டர், உட்காருங்க என்று தன் நாற்காலியையே இழுத்துப் போட்டார். மரியாதைக்காரர். அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.

சுருக்கமாகச் சொன்னேன். தே என்றதும் அவர் கண்ணை மூடிக்கொண்டார். தானும் கேட்டதாகவும், தே மட்டும்தான் என்று அவள் சொன்னதாகவும், தனக்கும் தோன்றவில்லை என்றும் சொன்னார். டின் பால் வேண்டாம் என்று நான் சொல்வதற்கு முன் அவரே சொன்னார். அப்புறம் மருந்துக்கு வந்தேன்.

“அந்த மருந்து உதவுதுன்னு நீங்க நினைக்கிறீங்களா?”

“உதவலன்னு கொஞ்ச நாள்லயே தெரிஞ்சிருச்சு டாக்டர்.”

“அப்புறம் ஏன் நிறுத்தல?”

அவர் மீன் தொட்டியைப் பார்த்துக்கொண்டு சொன்னார். “வெறுங்கையோட அனுப்பினா நேரா உங்ககிட்ட போயிருவாங்க. இங்க வர்றவங்க எல்லாம் என்கிட்டயே சொல்றாங்க, அந்த டாக்டர் உட்கார வச்சு எவ்வளவு நேரம் பேசுவாங்க தெரியுமான்னு. எனக்கு அப்படிப் பேச வராது. உங்க வாசல்ல யாரு நிக்கறாங்கன்னு நான் தினமும் எட்டிப் பாக்கறேன் டாக்டர்.”

நியாயமாக எனக்கு வெட்கம் வந்திருக்க வேண்டும். வந்தது சந்தோஷம். என்னைப் பார்த்தும் ஒருவருக்கு வயிறு எரிந்திருக்கிறதே என்று அவ்வளவு சந்தோஷம். வெட்கம் அதற்குப் பிறகு மெதுவாகத்தான் வந்தது. நாங்கள் இரண்டு பேரும் மாறி மாறி வாசலை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த நாளெல்லாம் யாழினியின் எடை ஏறவில்லை.

தேவியைக் கூப்பிட்டுச் சொல்வதாக ஒத்துக்கொண்டார். பால் சம்பந்தப்பட்ட எதுவும் கூடாது, தேயும்தான். மருந்து நிற்கட்டும். சில வாரத்தில் தேறவில்லை என்றால் தாமதிக்காமல் பெரிய ஆஸ்பத்திரிக் குழந்தை டாக்டரிடம் அனுப்புவது. எழுந்தேன். அப்போது அவர் சொன்னார்.

“கண்டுபிடிச்சது நீங்கதான்னு தேவிகிட்ட சொல்லிடறேன் டாக்டர்.”

மனசாரத்தான் சொன்னார். எனக்கு எவ்வளவு ஆசையாக இருந்தது தெரியுமா? அவர் வாயாலேயே என் பெயர் அவள் காதில் விழ வேண்டும் என்று உடம்பெல்லாம் துடித்தது.

“வேணாம்,” என்றேன். “என் பேர் வந்தா அவ ரெண்டு மனசா இருப்பா. அப்பப்ப ஒரு தே குடிச்சுப்பா. எல்லாத்தையும் நீங்க சொன்னதாவே சொல்லுங்க.”

அன்று முழுவதும் என்னிடம் பேச வந்தவர்கள் பாவம். காக் ரோஸ் இரண்டு முறை காய்ச்சல் எப்படி இருக்கிறது என்று கேட்டார்.

உங்களுக்கு நான் சொல்வது இதுதான். பொறாமைப்படாதீர்கள் என்று சொல்லமாட்டேன், சொன்னாலும் கேட்கப் போவதில்லை. ஆனால் ஊருக்குத் தெரிகிற மாதிரி பொறாமைப்படாதீர்கள். தெரிந்துவிட்டால் அப்புறம் நீங்கள் சொல்லும் சரியான பேச்சுகூட அவர்கள் காதில் பொறாமையாகத்தான் விழும். ஒரு பாட்டிலைப் பார்த்து நிறுத்து என்று சொல்லத் தோன்றும்போது, அதை நான் கொடுத்திருந்தால் இப்படிச் சொல்வேனா என்று ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள். அப்புறம், தாய் என்ன சாப்பிடுகிறாள் என்று கேட்டால் அவள் வீட்டுப் பேச்சில் கேளுங்கள். தே என்றால் என்ன தே என்று கேளுங்கள்.

சில மாதம் கழித்து யோங் பெங் கோப்பிக்கடை ஒன்றில் தேவியைப் பார்த்தேன். இடுப்பில் யாழினி. கன்னம் தெளிந்து, கை காலெல்லாம் மடிப்பு மடிப்பாக இருந்தாள். தேவி என்னைப் பார்த்ததும் பழைய பிரியத்தோடு வந்து உட்கார்ந்தாள். பிள்ளையை என் மடியில் வைத்தாள். என்னிடம் ஒன்று சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருந்தாளாம்.

“உங்ககிட்ட வர்ற அம்மாங்களுக்கும் சொல்லுங்க டாக்டர். தேயிலயும் பால் இருக்கு. யாருக்குமே தோணல, அந்த டாக்டர்தான் கண்டுபிடிச்சாரு. மருந்துகூட வேணாம்னு அவரே நிறுத்திட்டாரு. நல்ல மனுஷன் லா.”

எனக்கு எங்கெங்கோ எரிந்தது. இதை எழுதும்போதும் எரிகிறது.

“அப்படியா? நல்லாத்தான் கண்டுபிடிச்சிருக்காரு,” என்றேன். “எல்லார்கிட்டயும் சொல்றேன்.”

தேவி பிள்ளையை வாங்கக் கையை நீட்டினாள். யாழினி நல்ல கனமாக இருந்தாள். இன்னும் கொஞ்ச நேரம் இருக்கட்டும் என்று சொல்லி நானே வைத்துக்கொண்டேன்.